லட்லோவின் பழைய வீட்டில் தங்கியபோது தெரிந்துகொண்டவை

இங்கிலாந்தில் விடுமுறைக்குப் பழைய காட்டேஜ் தேடுகிற நம்மவர்கள் பெரும்பாலும் வயல்வெளி நடுவில், பக்கத்து வீடே கண்ணில் படாத இடமாகத்தான் பார்க்கிறார்கள். நான் சொல்வது வேறு. ஒரு பழைய சந்தை ஊருக்குள்ளேயே, கடைத்தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீடாகப் பாருங்கள். அந்த வீடு ஏன் இப்படி ஒடுங்கி நீண்டிருக்கிறது, தரை ஏன் சாய்ந்திருக்கிறது, பின்னால் ஏன் இவ்வளவு நீளத் தோட்டம் என்று கேள்வி வந்தால், பதில் கதவைத் திறந்ததும் தெருவிலேயே கிடைக்கும். தனி வயல்வீட்டில் அது கிடைக்காது, அங்கே வீடு வெறும் அழகான பின்னணியாகிவிடுகிறது.

நாங்கள் தங்கியது ஷ்ராப்ஷரில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற லட்லோ. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கிய கோட்டை, அதன் வாசலிலிருந்து விரியும் சந்தைத் திடல், திடலிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் நேரான தெருக்கள், கீழே தீம் ஆறு. சின்ன ஊர்தான், ஆனால் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் கிட்டத்தட்ட 500 இருக்கின்றன. பிராடு ஸ்ட்ரீட்டுக்கும் மில் ஸ்ட்ரீட்டுக்கும் நடுவே ஓடுகிற சந்து ஒன்றில் எங்கள் வீடு. என் கணவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், நான்.

முதலில் முன்பதிவு பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி அனுபவம் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படத்தில் உத்தரமும் கணப்பும் ஜன்னலோரப் பூச்சாடியும் இருக்கும், படிக்கட்டு இருக்காது. இந்த வீடுகளில் படிக்கட்டுதான் முக்கியமான விஷயம். பல வீடுகளில் அது புகைக்கூண்டின் பக்கவாட்டில் ஒரு அலமாரிக்குள் ஏறுவது மாதிரி சுழன்று போகும், உள்பக்கம் கால் வைக்க நாலு விரல் இடம்கூட இருக்காது. அத்தைக்கு முழங்கால் வலி. அதனால் வீட்டுக்காரரிடம் படிக்கட்டை மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கொஞ்சமும் தயங்காமல் அனுப்பினார், கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் எழுதினார். நல்ல வீட்டுக்காரர்கள் இப்படிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

அப்புறம் குளியலறை எங்கே என்று கேளுங்கள். நிறைய பழைய வீடுகளில் அது கீழே, சமையலறையைத் தாண்டி, பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய பகுதியில் இருக்கும். படுக்கையறை மேலே. வயதானவர்கள் இரவில் எழுந்து அந்தச் சுழற்படியில் இறங்க வேண்டியிருக்குமா என்பது சாதாரணக் கேள்வி இல்லை. கட்டிலின் அகலத்தையும் கேட்க வேண்டும். டபுள் பெட் என்று போட்டிருப்பார்கள், ஆனால் பழைய சின்ன அறைகளில் நாலடி அகலக் கட்டில்தான் கொள்ளும், வழக்கமானது நாலரை அடி. கார் நிறுத்துமிடம் என்றால் வீட்டுக்குச் சொந்தமா, தெருவில் நிறுத்த அனுமதிச்சீட்டு தருவார்களா, அல்லது ஊர்ப் பொது பார்க்கிங்கா என்று பிரித்துக் கேளுங்கள். வேறொரு ஊரில் ‘அருகில் பார்க்கிங் உண்டு’ என்று எழுதியிருந்ததை நம்பிப் போய், மழையில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறியது இன்னும் மறக்கவில்லை. லட்லோவுக்கு ரயிலிலேயே வந்துவிடலாம் என்பது பெரிய வசதி. மான்செஸ்டரிலிருந்தும் கார்டிஃபிலிருந்தும் நேர் ரயில் இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து சந்தைத் திடல் நடக்கிற தூரம்தான்.

இன்னொரு விஷயம், அதிகம் பேர் செய்யாதது. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு நாடு முழுக்கப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சுமார் நாலு லட்சம் பதிவுகள். வீட்டின் முகவரியைப் போட்டுத் தேடினால், எந்த நூற்றாண்டு, சட்டகம் என்ன மரம், முகப்பு எப்போது மாற்றப்பட்டது, உள்ளே என்னென்ன மிச்சமிருக்கிறது என்று சுருக்கமாக ஒரு குறிப்பு வரும். முதல் தரம், நட்சத்திரக் குறி போட்ட இரண்டாம் தரம், வெறும் இரண்டாம் தரம் என்று மூன்று படிகள், பத்தில் ஒன்பதுக்கு மேல் வெறும் இரண்டாம் தரம்தான். நாங்கள் கிளம்புவதற்கு முன்பே அந்தக் குறிப்பை எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். விளம்பரத்தில் எழுதியிருக்கும் வயதையும் இதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், விளம்பரங்களில் ஒரு நூற்றாண்டு கூட்டிச் சொல்வதும் உண்டு.

அந்தப் பட்டியலில் இருக்கிற வீட்டில் சொந்தக்காரரே நினைத்தபடி எதையும் மாற்ற முடியாது. வீட்டின் தன்மையைப் பாதிக்கிற எந்த வேலைக்கும் தனி அனுமதி வேண்டும், இல்லாமல் செய்தால் அது குற்றவியல் குற்றம், 1990-ஆம் வருடத்துச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால் வீட்டின் மேல் கோபம் வராது. ஜன்னல் ஒற்றைக் கண்ணாடியாக இருக்கிறதே, படியை அகலப்படுத்தக் கூடாதா, வாசல் நிலையை உயர்த்தக் கூடாதா என்று விருந்தினர் புத்தகத்தில் புலம்பல்கள் படித்தேன். வீட்டுக்காரர் நினைத்தாலும் அனுமதி இல்லாமல் முடியாது. அதற்குப் பதில் பழைய ஜன்னலைத் தொடாமல் உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்தியிருந்தார், கூடவே மரக்கதவுகளும் இருந்தன. இருட்டியதும் அவற்றை மூடினால் அறை நன்றாகவே சூடாக இருந்தது.

வீட்டுக்குள் போனவுடன் முதலில் செய்ய வேண்டியது, உயரமானவர்களை ஒவ்வொரு வாசலாக நடத்திக் காட்டுவது. என் கணவர் ஆறடி. வாசல்கள் ஐந்தரை அடிதான் இருந்தன, உத்தரங்கள் அதைவிடக் கொஞ்சம் மேலே. ராத்திரி விளக்கில்லாமல் நடக்கவே கூடாது என்று சொல்லி, படிக்கட்டில் சின்ன இரவு விளக்கு ஒன்றைச் செருகி வைத்தோம். வீட்டிலிருந்து அதைக் கொண்டுபோனது நல்லதாயிற்று.

தரைச் சாய்வு பற்றி. மேல்மாடி அறையில் பிள்ளைகள் ஒரு கோலிக்குண்டை விட்டால் அது தானாக உருண்டு மூலைக்குப் போய்விடும். அத்தை முதலில் பயந்துபோய், “இந்த வீடு சரிஞ்சுகிட்டு இருக்காம்மா?” என்று கேட்டார். சரியவில்லை. அந்தக் காலத்து ஓக் சட்டங்களைக் காயவைத்துச் செய்யவில்லை. பச்சை மரமாக இருக்கும்போதுதான் ஓக்கைச் சுலபமாகச் செதுக்க முடியும், காய்ந்தால் உளிக்கு லேசில் மசியாது. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் குழியில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்து நிறுத்திவிடுவார்கள். வீடு எழுந்த பிறகு வருடக்கணக்கில் மரம் காய்ந்து சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், இணைப்புகள் இறுகும். நாம் பார்க்கிற சாய்வில் பெரும்பங்கு அந்த ஆரம்ப வருடங்களிலேயே வந்தது. அதற்கப்புறம் தலைமுறை தலைமுறையாக அப்படியே நிற்கிறது.

உத்தரங்களை டார்ச் அடித்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். இணைப்புகளுக்குப் பக்கத்தில் உளியால் கீறிய ரோமன் எண்கள் மாதிரியான கோடுகள் தெரியும். தச்சர்கள் முழுச் சட்டகத்தையும் முதலில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள், எது எதோடு சேரும் என்று குறி போடுவார்கள், பிரித்து வண்டியில் கொண்டுவந்து மனையில் நிறுத்துவார்கள். எங்கள் வீட்டில் இரண்டு கட்டைகளில் ஒரே எண் எதிரெதிரே இருந்ததைச் சின்னவள்தான் கண்டுபிடித்தாள். கணப்புக்கு மேலே இருக்கிற பெரிய உத்தரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே காம்பஸால் போட்ட ஆறு இதழ்ப் பூ, சுடர் வைத்துச் சுட்ட கண்ணீர்த்துளி வடிவத் தழும்பு போன்றவை சில வீடுகளில் இருக்கும். கெட்டது எதுவும் புகைக்கூண்டு வழியாக இறங்கக் கூடாது என்று போட்ட காப்புக் குறிகள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பழைய செருப்பைப் புகைக்கூண்டில் ஒளித்துவைத்ததும் உண்டு, அப்படிக் கிடைத்த காலணிகளுக்கு நார்தாம்ப்டன் அருங்காட்சியகம் தனிப் பதிவேடே வைத்திருக்கிறது.

இந்த உத்தரங்களெல்லாம் பழைய கப்பலிலிருந்து எடுத்தவை என்று பல காட்டேஜ்களில் சொல்வார்கள், குறிப்பு அட்டையிலேயே எழுதிவைத்திருப்பார்கள். நம்ப வேண்டாம். லட்லோ கடலிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது, சுற்றிலும் ஓக் காடுகள் இருந்த ஊருக்குக் கப்பல் மரத்தை யார் இழுத்துக்கொண்டு வருவார்கள்? உத்தரத்தில் காரணமில்லாமல் இருக்கிற குழிகளைப் பார்த்துத்தான் இந்தக் கதை பிறந்திருக்க வேண்டும். அவை பெரும்பாலும் அதே வீட்டில் முன்பு இருந்த சுவரோ படியோ எடுக்கப்பட்டதன் தடம், அல்லது வேறொரு பழைய வீட்டின் மரத்தை மறுபடி பயன்படுத்தியதன் அடையாளம்.

முகப்பை வைத்து வீட்டின் வயதைச் சொல்லவும் முடியாது. பிராடு ஸ்ட்ரீட்டில் நடந்தால் ஒழுங்கான செங்கல் முகப்பும் ஒரே அளவு ஜன்னல்களுமாக 18-ஆம் நூற்றாண்டுத் தெரு மாதிரி இருக்கும். உள்ளே பல வீடுகள் அதற்கும் முந்தைய மர வீடுகள். கோட்டையில் இருந்துகொண்டு வேல்ஸையும் அதன் எல்லைப் பகுதியையும் ஆண்ட கவுன்சில் 1689-இல் கலைந்தபிறகு ஊர் பணக்காரக் குடும்பங்கள் வசிக்கிற ஊராக மாறியது, அவர்கள் நாகரிகத்துக்கு ஏற்றபடி முன்னால் மட்டும் புதுச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். பக்கச் சந்தில் புகுந்து பின்னால் பார்த்தால் மரச்சட்டகம் தெரிந்துவிடும். அடைத்த ஜன்னலைப் பார்த்தால் எல்லோரும் ஜன்னல் வரி என்பார்கள். 1696 முதல் 1851 வரை அப்படி ஒரு வரி இருந்தது உண்மை, ஆனால் முகப்பு இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காகவே பொய் ஜன்னல் வைத்ததும் உண்டு.

சரி, ஓதம். இது எல்லோரும் குறை சொல்கிற விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய சுவர், குச்சிகளைப் பின்னி மேலே களிமண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசியது, அதற்கு மேல் சுண்ணாம்புக் காரை. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலும் காற்றும் வரும்போது வெளியே விட்டுவிடும். அத்தை சுவரைத் தடவிப் பார்த்து, “இது எங்க தாத்தா வீட்டுக் காரை மாதிரிதாம்மா இருக்கு, கை வெச்சா குளுகுளுன்னு” என்றார். அதேதான். இருபதாம் நூற்றாண்டில் நல்லது என்று நினைத்து இப்படிப்பட்ட சுவர்களில் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, உள்ளே தங்கிய ஈரம் மரத்தின் அடியை அரித்துவிட்டது. இப்போது அக்கறையுள்ள சொந்தக்காரர்கள் சிமென்டைப் பெயர்த்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக்கே திரும்புகிறார்கள்.

தங்குகிறவர்கள் இதற்கு ஏற்ற மாதிரி நடந்துகொண்டால் போதும். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடக் கூடாது. குளித்தபின் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும், குளிராக இருந்தாலும். ஹீட்டரை அணைத்துவிட்டு வெளியே போய், திரும்பி வந்ததும் உச்சத்தில் வைப்பதைவிட, குறைவான அளவில் தொடர்ந்து ஓடவிடுவது இந்தச் சுவர்களுக்கு ஒத்துவருகிறது. கட்டிலையும் பெட்டிகளையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை இடைவெளி விட்டால் பின்னால் பூஞ்சணம் வராது. இப்படிச் செய்தோம், மழைக்காலத்திலும் வீட்டில் ஓத வாசனை இல்லை.

விறகு ஸ்டவ் இருந்தால் அதைப் பற்றவைக்காமல் யாரும் திரும்பமாட்டார்கள். விறகு எங்கிருந்து என்று பாருங்கள். சின்ன அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2021 முதல் இங்கிலாந்தில் விதி, மூட்டையில் ‘ரெடி டு பர்ன்’ முத்திரை இருக்கும். ஈர விறகு புகைக்கூண்டின் உள்ளே தார் மாதிரி படிந்து, அதுவே பிறகு தீப்பிடிக்கும். போன அன்றே கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சோதித்துவிட வேண்டும். சாம்பலை அன்றைக்கே குப்பைத் தொட்டியில் கொட்டவே கூடாது, மேலே ஆறியது போல இருந்தாலும் உள்ளே கங்கு இருக்கும். மெழுகுவர்த்தியும் வேண்டாம். மரச்சட்டகத்தில் நிற்கிற வீடு, பக்கத்து வீடும் அப்படித்தான், நடுச்சுவரிலும் மரம். இதே காரணத்தால் எண்ணெய் நிறைய வைத்துப் பொரிக்கிற சமையலை நான் அங்கே செய்யவில்லை. தாளிக்கும்போது சமையலறைக் கதவை மூடி, புகைபோக்கி விசிறியை முன்கூட்டியே போட்டுவிட்டால் ஸ்மோக் அலாரம் கத்தாது. பல வீடுகளில் எல்லா அலாரமும் ஒன்றோடொன்று இணைத்திருக்கும், ஒன்று கத்தினால் மொத்த வீடும் கத்தும்.

அப்புறம் ஊர். வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி, சனி நாலு நாளும் கோட்டைக்கு முன்னால் திறந்தவெளிச் சந்தை. காலை ஏழு மணிக்கே வண்டிகள் வந்து இரும்புக் கம்பிகளை இறக்கும் சத்தம் கேட்கும், அதனால் தூக்கம் முக்கியம் என்றால் பின்பக்க அறையை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அந்தத் திடலில் விக்டோரியா காலத்தில் பெரிய செங்கல் கட்டடம் ஒன்று கட்டினார்கள், 1986-இல் அதை இடித்தபிறகு சந்தை மறுபடி வானத்துக்குக் கீழே வந்துவிட்டது. அதற்கும் முன்னால் இந்தச் சந்தை, கோட்டை வாசலிலிருந்து, மாடு விற்ற ‘புல் ரிங்’ (Bull Ring) என்கிற இடம் வரைக்கும் ஒரே அகலத் தெருவாக ஓடியது. நடுவில் போட்ட தற்காலிகக் கடைகள் மெல்ல மெல்ல நிரந்தரக் கடைகளாகி, மாடி எழுப்பி, வீடுகளாகிவிட்டன. ஹார்ப் லேன், சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் சந்துகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம். இரண்டு கை நீட்டினால் இரண்டு பக்கக் கடையையும் தொட்டுவிடலாம் போலிருக்கும்.

வீடு ஒடுங்கி நீண்டிருப்பதும் அந்தக் கணக்குதான். ஊரைத் திட்டமிட்டு மனை பிரித்தபோது தெருவோரம் கொஞ்ச அகலமும் பின்னால் நிறைய நீளமுமாகக் கீற்றுக் கீற்றாகக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் சந்தையைப் பார்த்து ஒரு கடைவாசல் வேண்டுமே. பின்னால் பட்டறை, கிணறு, தோட்டம். எங்கள் வீட்டுப் பின்தோட்டத்தின் கல்சுவரும் அப்படி ஒரு பழைய மனையெல்லையில் நிற்கிறது என்று வீட்டுக்காரர் எழுதிவைத்திருந்தார். அந்தத் தோட்டத்தில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது மனசுக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

சந்தையில் வாங்கிச் சமைத்துச் சாப்பிடுவதற்காகவே சமையலறை நல்லதாக இருக்கிற வீட்டை எடுத்தேன். ரொட்டி, பாலாடைக்கட்டி, காய்கறி, ஊருக்குள் பழைய பாணி இறைச்சிக்கடைகள். இலையுதிர்காலம் தொடங்கும்போது போனால் ஷ்ராப்ஷர் ப்ரூன் என்று ஒரு டாம்சன் வகை, அதாவது ஒரு சின்ன பிளம் பழம், கிடைக்கும், சின்னதாக, கருநீலமாக, புளிப்பாக இருக்கும். அப்படியே தின்ன முடியாது. நான் அதில் சர்க்கரையும் வரமிளகாயும் போட்டு ஒரு தொக்கு மாதிரி செய்தேன், அத்தை ஒரு பாட்டில் நிறைய ஊருக்கே எடுத்துப் போனார். காசு கொஞ்சம் கையில் வைத்திருங்கள், எல்லாக் கடையிலும் கார்டு எடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம்.

செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தைத் தவறவிடக் கூடாது. 135 அடி கோபுரம், 200 படி, மேலே போனால் மனைக் கீற்றுகள் அத்தனையும் வரைபடம் போலத் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்து பாடகர் இருக்கைகளின் அடிப்பலகைச் சிற்பங்களைப் பார்க்கலாம், 15-ஆம் நூற்றாண்டு வேலை. அளவில் ஏமாற்றிய பீர்க்காரியைப் பேய் தூக்கிக்கொண்டு நரகத்துக்குப் போகிற காட்சி ஒன்று இருக்கிறது. சந்தை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சிற்பம் இருக்க முடியாது, அத்தை அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கோட்டையில் பெரியவன் கேட்டுக்கொண்டே வந்தான்: எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர் 1502-இல் இங்கேதான் இறந்தாரா, அவர் இறக்காவிட்டால் ஹென்றி ராஜாவாகியே இருக்கமாட்டாரா என்று. ஆமாம், ஆகியிருக்கமாட்டார். சாயங்காலம் டின்ஹாம் பாலத்தைத் தாண்டி விட்க்ளிஃப் மேட்டில் ஏறினால் கோட்டையும் கோபுரமும் கூரைகளும் எதிரே முழுதாகத் தெரியும். ஏற்றம் சுமாராகத்தான் இருக்கிறது, ஆனால் மழைக்குப் பின் வழுக்கும்.

எப்போது போவது என்றால், பள்ளி விடுமுறை வாரங்களில் வாடகை வெகுவாக ஏறிவிடும். செப்டம்பரில் உணவுத் திருவிழா, நவம்பர் கடைசியில் கோட்டையில் கிறிஸ்துமஸ் சந்தை, அந்த நாட்களுக்கு வீடு வேண்டுமென்றால் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும். பெரும்பாலான காட்டேஜ்கள் வெள்ளியிலிருந்து வெள்ளி, அல்லது குறுகிய தங்கலுக்கு வெள்ளி முதல் திங்கள் என்று கொடுக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி கிடைத்தால் அதை எடுங்கள். வார இறுதியைவிட வாடகை குறைவாக இருக்கும், போய் இறங்குகிற நாளில் சந்தை, புதன் சந்தை, கிளம்புகிற வெள்ளிக் காலையிலும் சந்தை. வீட்டைக் காலி செய்ய வேண்டிய நேரம் பத்து மணி என்று இருந்தாலும், பெட்டிகளைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று முந்தின நாளே கேட்டுவிட்டால், ரயிலுக்கு முன்னால் ஒரு சுற்றுப் போய் வேண்டியதை வாங்கி வந்துவிடலாம்.